கால்மாட்டு நாற்காலி

என் மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தபோது நான் நம்பிய முட்டாள்தனத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். முப்பது வருஷத்துக்கு முன்னால் என் தங்கையைப் பிடித்த பேய், அதே பல்கலைக்கழகத்தில், இப்போது என் மகளுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்று நம்பினேன். ஏதோ ஒரு ஓரத்தில் சந்தேகப்படவில்லை. முழுசாகவே நம்பினேன். அரசாங்க வேலைக்காரனையே வயசானால் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். ஒரு பேய் மட்டும் பதவி உயர்வு கூட இல்லாமல் ஒரே இடத்தில் இத்தனை காலம் உட்கார்ந்திருக்குமா என்று ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை.

நான் இங்கே மலேசியாவில் எண்ணெய்ப்பனை ஆலையில் லோரிகளை எடை போடுகிறவன். பழக்குலை ஏற்றிவரும் லோரி மேடையில் ஏறி நின்றால், எடை கூட்டுவதற்காகக் குலைக்கு அடியில் ஈர மணலைக் கொட்டியிருக்கிறார்களா என்று டயரைப் பார்த்தே சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவன் ஒரு பேய் விஷயத்தில் இப்படி ஏமாந்தேன் என்றால் அதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி, கோலா சிலாங்கூர்ப் பிள்ளைகளுக்குப் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருக்கிறாள்.

எங்கள் தோட்டத்திலிருந்து முதன்முதலாகப் பல்கலைக்கழகம் போனவள் என் தங்கைதான். தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி அவளுக்குப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். வேலையாட்களை மேய்க்கும் மண்டோர் மாலை போட்டார். எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் வரிசையாக வந்து திருநீறு பூசி, அவள் நெற்றி சுண்ணாம்பு அடித்த மரம் மாதிரி ஆகிவிட்டது. போய் இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. விடுதியிலிருந்து ஒரு அம்மாள் காரில் அவளைக் கொண்டுவந்து விட்டார். காய்ச்சல். பேச்சில்லை. திரும்பத் திரும்ப ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள்.

"கட்டில் கால்மாட்டுல ஒரு பொம்பள உக்காந்திருக்கா."

தோட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. பூசாரி வந்தார். எங்களிடம் அவர் கேட்டது ஒரே கேள்வி: "போறப்ப முனிகிட்ட சொல்லிட்டுப் போனீங்களா?"

சொல்லவில்லை. தோட்டத்து முன்வாசலில் அரச மரத்தடியில் முனீஸ்வரர் இருக்கிறார். எல்லையைத் தாண்டிப் போகிறவர்கள் அவர் முன்னால் நின்று, சுருட்டு ஒன்று கொளுத்தி வைத்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும். தங்கை கிளம்பிய நாளன்று மழையில் முன்வழி முழுகிக் கிடந்தது. அதனால் டிராக்டர் போகும் கால்வாய்ப் பாதையில், பின்பக்கமாகப் போய்விட்டோம். முனிக்குத் தெரியாது. அவர் காவலுக்குப் போகவில்லை. காவலில்லாமல் போனவளை எதுவோ பற்றிக்கொண்டது. இவ்வளவு கச்சிதமாக எல்லாம் பொருந்தினால் யார்தான் நம்பமாட்டார்கள்? சேவல் அறுத்தார்கள், எலுமிச்சை வெட்டினார்கள், காய்ச்சல் இறங்கியது. அவள் திரும்பிப் போகவே இல்லை.

அதற்கப்புறம் சபாக்கிலிருந்தும் கோலா குபு பாருவிலிருந்தும் மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். கேசரி சாப்பிட்டார்கள், தேத்தண்ணி குடித்தார்கள், போகிற வழியில் ஏதாவது ஒரு சாப்பாட்டுக் கடையில் நிறுத்தி எங்களைப் பற்றி விசாரித்தார்கள். "ஓ, அந்தப் பேய் புடிச்ச பொண்ணா?" பிறகு தகவல் வராது. கேசரி நன்றாக இருந்தது என்று மட்டும் யாராவது ஒருவர் மூலம் சொல்லி அனுப்புவார்கள். ஒரு கட்டத்தில் தங்கை கேசரி கிண்டுவதையே நிறுத்திவிட்டாள்.

இப்போது தனியாகத்தான் இருக்கிறாள். தையல்காரி வீடு என்றால் எப்படி இருக்கும் என்று தெரியும். குளிர்பெட்டி மேல் துணி, சன்னல் கம்பியில் துணி, சாமி படத்துக்குப் பக்கத்தில் வெட்டாத துணி. ஆனால் அவள் கட்டிலின் கால்மாட்டில் ஒரு சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி கிடக்கும். அதில் மட்டும் ஒரு துண்டு நூல்கூட இருக்காது. ஒருமுறை அவள் அறையின் காற்றாடியைப் பழுது பார்க்கப் போனவன், களைத்துப்போய் அதில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, அதுல உக்காராதீங்க."

"ஏன், கால் ஒடஞ்சிருக்கா?"

"உக்காராதீங்கன்னா உக்காராதீங்க."

எழுந்துவிட்டேன். மந்திரி வருவார் என்று எடுத்து வைத்திருக்கிறாயா என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. என் நகைச்சுவைக்கு அவள் சிரிக்காமல் இருப்பது வழக்கம்தான் என்பதால் அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

என் மகள் பள்ளியின் கடைசிப் படியான ஆறாம் படிவம் முடித்துவிட்டு இணையத்தில் விண்ணப்பம் போட்ட கதைக்கு வருகிறேன். அவளும் அவள் அம்மாவும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து விருப்பப் பட்டியலை நிரப்பினார்கள். என் பங்களிப்பு, பின்னால் நின்று மூச்சு விட்டது. எந்தப் படிப்பு, எத்தனை வருஷம், முடித்தால் என்ன வேலை என்றெல்லாம் நான் கேட்கவில்லை. ஒவ்வொரு பெயருக்கும், "அங்க போக எவ்ளோ நேரம் ஆகும்?" என்று மட்டும் கேட்டேன்.

"ப்பா, நீங்க என்ன டாக்சியா ஓட்டப் போறீங்க?" என்றாள் மகள்.

முடிவு வந்த நாளில் அந்த இணையப் பக்கம் திறக்கவில்லை. நாடு முழுக்க ஒரே நேரத்தில் ஒரே கதவைத் தள்ளிக்கொண்டிருந்தது. நான் எடை மேடையில் நின்றபடி கைப்பேசியை அழுத்திக்கொண்டே இருந்ததில், காலியாகத் திரும்பிப் போகிற லோரியை நிறைந்த லோரி என்று பதிந்துவிட்டேன். அந்த ஓட்டுநர் மாதிரி நல்லவர் கிடையாது. "அண்ணே, நான் காத்தையா ஏத்திட்டுப் போறேன்?" என்று வந்து திருத்தச் சொன்னார். அந்த நேரத்தில்தான் மகள் கூப்பிட்டாள்.

"ப்பா, கெடச்சிருச்சு! கெமிக்கல் எஞ்சினியரிங்!"

"எங்க?"

சொன்னாள். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். வடக்கே, மலையடிவாரத்தில் இருக்கும் அதே பல்கலைக்கழகம்.

லோரி ஓட்டுநர் தொப்பியைக் கழற்றினார். "யாருண்ணே தவறிட்டது?"

"மகளுக்கு எடம் கெடச்சிருச்சு."

"அதுக்கா இந்த மூஞ்சி?"

மூஞ்சியை மாற்றிக்கொண்டு, மறுநாள் ஆலை முழுக்க லட்டு கொடுத்தேன். வருகிற லோரிக்கெல்லாம் லட்டு. சீல் வைத்த ரசீதோடு ஒரு லட்டு. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் அந்த லட்டு எனக்கே திரும்பி வரும்.

அன்று சாயங்காலம் மனைவியிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன், மேல்முறையீடு என்று ஒன்று இருக்கிறதாமே, பக்கத்தில் எங்காவது கேட்டுப் பார்க்கலாமா என்று. அவள் பாலர்பள்ளி ஆசிரியை. நாலு வயசுப் பிள்ளைகளிடம் பேசுகிற பொறுமையோடு என்னிடமும் பேசுவாள்.

"ஏங்க, எடம் கெடைக்காதவங்கதான் அப்பீல் போடுவாங்க. கெடச்சிருச்சேன்னு எவனாச்சும் அப்பீல் போடுவானா?"

அப்புறம் கல்விக் கடன். அரசாங்கக் கடன் கிடைத்தால்தான் அவள் படிக்க முடியும், என் சம்பளத்தில் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் வேண்டுமானால் சமாளிக்கலாம். மனைவி நிபந்தனைகளைச் சத்தமாகப் படித்தாள். ஒவ்வொரு பருவமும் தேர்ச்சி ஒரு அளவுக்குக் கீழே போகக்கூடாது. போனால் கடன் நிற்கும். கடன் நின்றால் பிள்ளை வீட்டுக்கு வரவேண்டியதுதான். நான் தலையாட்டிக்கொண்டே இருந்தேன். மனத்துக்குள் நான் படித்துக்கொண்டிருந்தது வேறு நிபந்தனைகள். அமாவாசையில் கிளம்பக்கூடாது. பின்வழியாகப் போகக்கூடாது. முனியிடம் சொல்லாமல் போகவே கூடாது.

தோட்டம் கைமாறிப் பல வருஷம் ஆகிவிட்டது. லயங்கள் போய் வீடுகள் வந்துவிட்டன. முனி மட்டும் அரச மரத்தோடு, வீடமைப்புக்காரர்களின் வேலிக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறார். பதிவுக்குக் கிளம்பிய அன்று விடியலில் வேலியோரம் காரை நிறுத்தினேன். காவலுக்கு நின்ற நேப்பாளக்காரர் டார்ச்சை முகத்தில் அடித்தார்.

"உள்ளே என்ன வேலை?"

"ஒரு தகவல் சொல்லணும்," என்றேன் மலாயில்.

"யாரிடம்?"

"முதலாளியிடம்."

அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. கேட்டைத் திறந்தது மட்டுமல்லாமல் கும்பிடவும் செய்தார். நான் சுருட்டைக் கொளுத்தி வைத்தேன். "என் மகள். வடக்கே போறா. முன்வாசல் வழியாத்தான் போறா, நல்லாப் பாத்துக்கங்க" என்று, ஆலையில் சரக்கை ஒப்படைக்கிற மாதிரிச் சொன்னேன். மகள் கொட்டாவி விட்டாள். பிறகு நாலு டயருக்கும் எலுமிச்சை வைத்து ஏற்றினேன். மூன்று நசுங்கின. நாலாவது வழுக்கி ஓடி, கொஞ்சம்கூட அடிபடாமல் சாக்கடையில் போய் உட்கார்ந்தது. நான் பிரேக் போட்டேன்.

"ரிவர்ஸ் எடுத்தீங்கன்னா நான் எறங்கி பஸ் ஏறிடுவேன்," என்றாள் மனைவி.

அவர்கள் இருவருக்கும் தெரியாத ஒரு காரியத்தை அதற்கு முன்பே செய்து முடித்திருந்தேன். முனிக்கு நேர்ந்துகொண்டவர்கள் சின்னச் சின்ன அரிவாள்கள் செய்து வைப்பது வழக்கம். பூசாரியின் மகனிடம் கேட்டு, பூசையில் இருந்த ஒன்றை வாங்கினேன். உள்ளங்கை அளவுதான் இருக்கும், ஆனால் அசல் இரும்பு. மகளின் பெட்டிக்குள் ஒட்டியிருந்த உள்துணியைப் பிரித்து, அடியில் வைத்து, மறுபடி ஒட்டிவிட்டேன். தங்கையிடம் ஊசி நூல் கேட்டிருந்தால் ஏனென்று கேட்பாள் என்பதால் பசை. தங்கையை வழியனுப்ப வரச்சொன்னதற்கு, "நீங்க போயிட்டு வாங்க. எனக்குத் தச்சு முடிக்க வேண்டியது இருக்கு" என்றாள். மகளின் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இயந்திரம் ஓடுகிற சத்தம் கேட்கவில்லை.

பதிவு மண்டபத்தில் பெற்றோர்களை வரிசையாக உட்கார வைத்து ஒரு பெரியவர் உரையாற்றினார். பிள்ளைகளை விட்டுவிடுங்கள், அவர்கள் வளர்ந்துவிட்டார்கள் என்றார். எல்லாரும் சிரித்தோம். யாரும் விடவில்லை. என் பக்கத்தில் சுங்கை புரோங்கிலிருந்து வந்த மலாய்க்காரர் ஒருவர். நெல் போடுகிறவர், மகனைச் சேர்க்க வந்திருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, என்னைப் போலவே மேலே காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் என் பக்கம் குனிந்து, மலாயில் அண்ணன் முறை வைத்து, "அபாங், பையன் பெட்டியில ஓதின தண்ணி ஒரு போத்தல் வச்சிருக்கேன். அவனுக்குத் தெரியாது. நீங்க ஏதாவது வச்சீங்களா?" என்று கேட்டார்.

நான் கையால் காற்றில் ஒரு வளைவு வரைந்து காட்டினேன்.

உலகத்திலேயே இதைவிடப் புத்திசாலித்தனமான காரியம் கிடையாது என்பதுபோல் அவர் தலையாட்டினார். நாங்கள் கைப்பேசி எண்களை மாற்றிக்கொண்டோம்.

மகளின் விடுதிக் கட்டடம் புதிது. அதற்குப் பக்கத்தில், சன்னல்கள் எல்லாம் சாத்திக் கிடந்த மஞ்சள் கட்டடம்தான் பழைய பெண்கள் விடுதி என்று காவலாளி சொன்னார். அந்தக் காலத்துக் கட்டடம். பேய்க்கு அங்கிருந்து இங்கே வர நாலு எட்டு போதும், மழை பெய்தால் கூரை போட்ட நடைபாதை வேறு இருக்கிறது. மகளின் அறைக்குள் போனதும் முதலில் கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தேன். அலமாரி ஒட்டிக்கொண்டு நின்றது. ஆள் உட்கார இடமில்லை. அந்த நிம்மதியில்தான் வீடு வரைக்கும் ஓட்டினேன்.

வந்த பிறகு வீடுதான் சரியில்லாமல் போனது. மனைவி மூன்று பேருக்கு உலை வைத்துவிட்டு, அரிசியைக் கொஞ்சம் எடுத்துத் திரும்ப வாளியில் போடுவாள். வாசலில் மகள் விட்டுவிட்டுப் போன செருப்பு, நேற்று ஒரு பக்கம், இன்று ஒரு பக்கம் கிடப்பதாகத் தோன்றும். பூனைதான் தள்ளுகிறது என்று தெரியும். ஆனாலும் நான் செருப்பிடம், "என்னம்மா, கெளம்பிட்டியா?" என்று கேட்பேன். இப்படிக் கேட்பது வேடிக்கைக்காகத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

பாதிப் பருவம் ஓடியிருந்தபோது, ஒரு சாயங்காலம் மகள் கூப்பிட்டாள். குரல் தேய்ந்திருந்தது.

"ப்பா, இங்க ஒரு மாதிரியா இருக்கு. கட்டில் கால்மாட்டுல யாரோ உக்காந்திருக்க மாதிரி இருக்கு. நான் வீட்டுக்கு வந்துர்றேன் ப்பா. படிப்பு வேணாம்."

எனக்குத் தலைமுடியெல்லாம் தனித்தனியாக எழுந்து நின்றது. இருக்கிற முடி சொற்பம் என்பதால் ஒவ்வொன்றையும் உணர முடிந்தது. சாக்கடையில் உட்கார்ந்திருந்த நாலாவது எலுமிச்சை கண்முன் வந்தது.

"பெட்டியத் தெற. உள்துணியக் கிழி."

"என்ன?"

"கிழி லா! உள்ள ஒன்னு இருக்கும். எடுத்துத் தலகாணிக்கு அடியில வச்சுக்க."

கிழிகிற சத்தம் கேட்டது. பிறகு ஏதோ இரும்பு தரையில் விழுந்தது.

"ப்பா, இது அருவா."

"முனியோடது."

"ப்பா!"

மறுநாள் காலையில் அந்த விடுதியில் திடீர் சோதனை. ஒவ்வொரு பருவமும் நடப்பதுதானாம், அறைக்குள் சமைக்கிறார்களா என்று பார்ப்பதற்கு. அவர்கள் தேடி வந்தது சோறு ஆக்கும் குக்கரை. தலையணைக்கு அடியில் அரிவாளும் கிடைத்தது. அரிவாளைப் பார்த்த அதிர்ச்சியில் குக்கரை மறந்திருப்பார்கள் என்று ஆசைப்பட்டேன். இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். பெற்றோர் நேரில் வரவேண்டும் என்றார்கள்.

மனைவிக்கு அந்த வாரம் பாலர்பள்ளி விளையாட்டு விழா. "நீங்க தனியாப் போனா இன்னொரு அருவா கொண்டு போவீங்க. ஒங்க தங்கச்சியக் கூட்டிட்டுப் போங்க," என்றாள்.  பேய் பிடித்தவளைப் பேய் பிடித்த இடத்துக்கே கூட்டிப்போவதா? ஆனால் தங்கையிடம் போய் விஷயத்தைப் பாதி சொல்லி முடிப்பதற்குள் அவள் ஊசியைத் துணியில் குத்திவிட்டு, கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டாள்.

பழைய தோட்டத்து வளைவில் நான் வேகத்தைக் குறைத்தேன். "முனிகிட்ட ஒரு வார்த்த..."

"ஓட்டுங்க அண்ணே."

தஞ்சோங் காராங் தாண்டி வயல்கள் வந்தன. சபாக் தாண்டி மாநிலமே மாறியது.  மகள் மறுபடி கூப்பிட்டபோது காரின் ஒலிபெருக்கியில் போட்டேன். அழுதுகொண்டிருந்தாள். படிப்பை நிறுத்திக்கொள்வதற்கு எங்கே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று விசாரித்துவிட்டாளாம். நான் திருநீறு வைத்துக்கொள், விளக்கை அணைக்காதே, கால்மாட்டைப் பார்க்காதே, சாமி பேரைச் சொல் என்று மூச்சுவிடாமல் அடுக்கிக்கொண்டே போனேன். தங்கை முன்னால் குனிந்தாள்.

"பாப்பா, அத்த பேசுறேன். எந்தப் பாடம்?"

"நான் பேயப் பத்திப் பேசிட்டிருக்கேன், நீ என்ன பாடம் கீடம்னு..." என்று ஆரம்பித்தேன். தங்கை என் தோளில் கை வைத்து அழுத்தினாள்.

மறுபுறம் அழுகை நின்றிருந்தது. 

"புரோகிராமிங், அத்தை."

"எதுவுமே புரியலையா?"

"மொத வாரத்துலேர்ந்தே புரியல. எல்லாரும் ஸ்கூல்லயே படிச்சிட்டு வந்த மாதிரி டைப் பண்றாங்க. எனக்கு லேப்டாப் கெடச்சதே இங்க வந்துதான். டெஸ்ட்ல கடைசி நான்தான். இதுல ஃபெயிலானா லோன் நிக்குமாம் அத்தை."

"யாருகிட்டயாச்சும் சொன்னியா?"

"எப்படிச் சொல்றது? அப்பா மில்லு முழுக்க லட்டு குடுத்துட்டாரு."

நான் சாலையைப் பார்த்து ஓட்டினேன்.

"கால்மாட்டுல?" என்று தங்கை கேட்டாள்.

"யாரும் இல்ல அத்தை. அங்க அலமாரிதான் இருக்கு. ஆனா அதச் சொன்னா அப்பா ஏன் எதுக்குன்னு கேக்காம ஒடனே கூட்டிட்டுப் போயிருவாருன்னு..."

"சரி. நாங்க வந்துட்டிருக்கோம். மூஞ்சக் கழுவு."

அழைப்பைத் துண்டித்தேன். அப்புறம் தங்கை, சன்னல் பக்கம் பார்த்தபடி, "எனக்கு எகனாமிக்ஸ்" என்றாள்.

 அவளே சொன்னாள். பாடம் நடத்துவது மலாயில், அது பிரச்சினை இல்லை. படிக்கச் சொல்லுகிற புத்தகம் எல்லாம் இங்கிலீஷில். ஒரு பக்கத்தை அகராதி வைத்துப் படித்து முடிப்பதற்குள் நூலகத்தைப் பூட்ட வந்துவிடுவார்கள். பக்கத்தில் இருக்கிற பெண்கள் புத்தகத்தைக் கதைப்புத்தகம் போலப் புரட்டிக்கொண்டிருப்பார்கள்.

"புத்தகம் புரியலன்னு சொல்லிட்டு நான் எப்படிண்ணே வர்றது? கிராணி பெட்டி வாங்கிக் குடுத்தாரு. மண்டோர் மால போட்டாரு. அந்த ஹாஸ்டல்ல ஒரு கத சொல்லிக்குவாங்க, கால்மாட்டுல ஒரு பொம்பள வந்து உக்காருவான்னு. எனக்கு முன்னாடியே ஒரு பொண்ணு அதச் சொல்லித்தான் வீட்டுக்குப் போனா. யாரும் அவளத் திட்டல."

"அப்ப காய்ச்சல்?"

"காய்ச்சல் நெசம்தான். பயத்துல வந்துச்சு."

 என்ன சொல்வதென்று தெரியாதபோது என் வாய் தானாக வேலை செய்யும். "அப்ப அந்தச் சேவல் சும்மாதான் செத்துச்சா?" என்றேன்.

தங்கை சிரித்தாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர. முப்பது வருஷத்தில் என் நகைச்சுவைக்கு அவள் சிரித்தது அது ஒரு தடவைதான்.

விடுதி அலுவலகத்தில் இருந்த அதிகாரி இளம்பெண். மேசை மேல் அரிவாளும் குக்கரும் அருகருகே இருந்தன.

"இது என்ன?"

"கடவுளுடைய காவல்," என்றேன்.

அவர் 'கத்தி' என்று எழுதினார். எச்சரிக்கையோடு விடுகிறோம், இன்றே திருப்பி எடுத்துப் போய்விட வேண்டும் என்றார். "அம்மா, கத்தியை நீங்க வச்சுக்கங்க, குக்கரைப் பிள்ளைக்குக் குடுத்துடுங்க" என்று பேரம் பேசிப் பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. தங்கைதான், பழைய பாடப்புத்தக மலாயில், ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்து, பாடம் புரியாத பிள்ளைகளுக்கு மறுபடி சொல்லிக்கொடுக்க இங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

"இருக்கிறார்களே. மூத்த மாணவர்கள் வாரத்தில் இரண்டு நாள் வகுப்பு எடுக்கிறார்கள். பேர் கொடுத்தால் போதும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"முப்பது வருஷத்துக்கு முன்னாடியும் இருந்ததா?"

"எனக்குத் தெரியாது, அம்மா. நான் அப்போது பிறந்தே இருக்கமாட்டேன்."

தங்கை தலையாட்டினாள். தன் கைப்பையின் வாரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

வெளியே படிக்கட்டில் மகள் உட்கார்ந்துவிட்டாள். முகம் கழுவியும் வீங்கித்தான் இருந்தது. "நான் வந்துடவா, அத்தை?"

"வர்றதுன்னா வா. ஆனா புரோகிராமிங் புரியலன்னு சொல்லிட்டு வா. வேற எதையும் சொல்லிட்டு வராத."

மகள் என்னைப் பார்த்தாள். என் முகத்தில் எந்த லட்டும் மிச்சமில்லாதபடி வைத்துக்கொள்ள முயன்றேன். "வா. மில்லுல நானே சொல்லிக்கிறேன், புரோகிராமிங் புரியலன்னு. எனக்கும்தான் அது என்னன்னு தெரியாது. லட்டத் திருப்பிக் கேக்கமாட்டேன்."

அவள் மூக்கை உறிஞ்சினாள். "அந்த க்ளாஸ் எங்கன்னு பாத்துட்டு வரேன்," என்று எழுந்து போனாள்.

அவள் வரும்வரை நானும் தங்கையும் நடந்தோம். மஞ்சள் கட்டடத்தின் கீழ்த்தளக் கதவு திறந்திருந்தது. உள்ளே பழைய மெத்தைகளைக் கூரை வரைக்கும் அடுக்கி வைத்திருந்தார்கள். தங்கை மேலே ஒரு சன்னலை நிமிர்ந்து பார்த்தாள். அங்கே ஒருத்தி நிற்கிற மாதிரி வெகுநேரம் பார்த்தாள்.

"ஒன் ரூமா?"

"ம்."

"எப்படியோ, இங்க ஒன்னும் இல்லன்னு ஆயிருச்சு," என்றேன். இத்தனை வருஷத்துப் பாரத்தை இறக்கி வைத்தவன் மாதிரி.

"இங்க இல்ல அண்ணே. இங்க அவ இருந்ததே இல்ல." கண்ணை எடுக்காமல் சொன்னாள். "அன்னைக்குப் பூசாரி கேட்டாருல்ல, எங்க உக்காந்திருக்கான்னு. எதையாச்சும் காட்டணுமேன்னு கால்மாட்டக் காட்டுனேன். எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. நானும் பாத்தேன். உக்காந்திருந்தா."

கூரை நடைபாதையில் மாணவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள்.

"இப்பவுமா?"

"மொதல்லல்லாம் கட்டில்லயே உக்காருவா. கால நீட்ட முடியாது. அதான் நாற்காலி போட்டேன்."

எனக்கு ஒரு நகைச்சுவையும் வரவில்லை. வாயைத் திறந்து பார்த்தேன். வெறும் காற்றுதான் வந்தது.

திரும்பி வரும்போது பின்னிருக்கையில் அரிவாளும் குக்கரும் கிடந்தன. திருப்பத்துக்குத் திருப்பம் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. சபாக் அருகே தங்கை தூங்கிவிட்டாள், காலைச் சுருட்டிக்கொண்டு, அவ்வளவு பெரிய இருக்கையில் பாதியை விட்டுவிட்டு. அவள் வீட்டில் பையை உள்ளே கொண்டுபோய் வைத்தேன். அறையில் துணிக்குவியல்கள், வெட்டின கால்சட்டைகள். நடுவில் அந்த நாற்காலி. வெளியே போக இரண்டு எட்டு வைத்தவன், திரும்பி நின்று, நாற்காலியைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்றேன். தங்கை சிரிக்கவில்லை. நானும் வேடிக்கைக்காகச் சொல்லவில்லை.

மகள் படிப்பை நிறுத்தவில்லை. அந்த வகுப்புக்குப் போனாள். போயும் முதல் பருவத்தில் புரோகிராமிங்கில் தோற்றாள். மற்ற பாடங்கள் தூக்கிவிட்டதால் கடன் நிற்கவில்லை. மறுபடி அந்தப் பாடத்தை எடுத்து எழுதித் தேறினாள். இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். அரிவாளை முனியிடமே திருப்பி வைத்துவிட்டேன். தங்கையின் கட்டில் கால்மாட்டில் அந்த நாற்காலி இன்னும் இருக்கிறது. அதில் அவள் துணி எதையும் வைப்பதில்லை.